எழுதின பிறகும் பூட்டு

எங்க சேரியில வாழ்ந்து முடிச்ச பெரியவங்க பேச்சு பதினோரு ஃபிளாப்பியில கிடக்குது. 1997, 98ல கேசட்டுல பதிவு செஞ்சு, டவுன்ல ஒரு டி.டி.பி. கடையில ராத்திரி ராத்திரியா உக்காந்து நாங்களே அடிச்சது. பண்ணையில பட்ட அடி, பொதுக்கிணத்துல தண்ணி மறுத்தது, இழவுக்குப் பறையடிக்க மாட்டோம்னு சொன்னதுக்கு ஊரே சேந்து வேலை கொடுக்காம பட்டினி போட்டது, எல்லாம் அதுல இருக்கு. சொன்னவங்கள்ல ரெண்டு பேர்தான் இப்ப உயிரோட இருக்காங்க. கேசட்டெல்லாம் பூஞ்சை பூத்துப் போச்சு.

ஃபிளாப்பி போடும் வாய் இன்றைய கணினிகளில் இல்லை. யு.எஸ்.பி.யில் சொருகும் தனிப்பெட்டி வாங்கினோம். எட்டு ஃபிளாப்பிதான் தேறியது. உள்ளே இருப்பவை பேஜ்மேக்கர் கோப்புகள். அந்த மென்பொருளின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்த 7.0. எங்களிடம் இருக்கும் பழைய பதிப்பை நிறுவும் நிரல் 16 பிட். 64 பிட் விண்டோஸ் 16 பிட் நிரல் எதையும் ஓட்டாது. விண்டோஸ் 98 ஓடுகிற பழைய பெட்டி ஒன்றைத் தேடிப் பிடித்துத் திறந்தால், பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கொட்டிக் கிடக்கு.

அன்றைய தமிழ் எழுத்துருக்களில், ஆங்கில எழுத்துக்குரிய இடங்களில் தமிழ் வடிவங்களை உட்கார வைத்திருந்தார்கள். 256 இடத்தில் ‘க’ எங்கே உட்காருவது என்பதை ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு முடிவு செய்தது. நாங்க அடிச்ச எழுத்துரு, பிரிண்டர் சொருகுற இடத்துல ஒரு பூட்டை மாட்டினாத்தான் வேலை செய்யும். பூட்டு கடைக்காரரோடது. இப்ப கடையும் இல்ல, பூட்டும் இல்ல, புதுக் கணினியில அந்த இடமும் இல்ல.

யூனிகோடில் 1991லேயே தமிழுக்கு இடம் இருந்தது. தமிழக அரசோ 1999இல் டாம், டாப் என்று வேறு இரண்டு குறியீட்டு முறைகளை அறிவித்தது. யூனிகோடை ஏற்றது 2010இல்தான். அதுவரை எழுத்தின் சாவி விற்றவன் கையில்.

‘அச்சுப்படியப் பாத்துத் திருப்பி அடிச்சாப் போச்சு’ன்னாங்க. அச்சுப்படி பாதிதான் இருக்கு. அதையும் ஒருத்தர்கிட்டக் கொடுத்தோம். ‘பொறந்துச்சு’ன்னு ஆயா சொன்னது ‘பிறந்தது’ என்று வந்தது. ‘ஒரே பிழையா இருந்துச்சு, திருத்திட்டேன்’ என்றார். அடிபட்டவள் வாயிலிருந்து வந்த சொல் அவருக்குப் பிழை. அன்னைக்கே, கோப்பைத் திறந்தே ஆகணும்னு முடிவு செஞ்சோம்.

அந்தப் பாதி அச்சுப்படியே சாவியானது. தோழர் ஒருவர் அதையும் திரையில் கிடந்த குப்பையையும் பக்கத்தில் வைத்து, எந்தக் குறி எந்த எழுத்து என்று ஒவ்வொன்றாகப் பட்டியல் போட்டார். பழைய எழுத்துருவில் கொம்பு முன்னால், ‘க’ பின்னால். யூனிகோடில் ‘க’வுக்குப் பிறகே கொம்பு. அதையும் மாற்றிப் போட வேண்டும். இப்ப மூணு ஃபிளாப்பி முடிஞ்சிருக்கு. ‘பொறந்துச்சு’ அப்படியே இருக்கு.

நின்றுபோன நம் சிற்றிதழ்கள், ஆய்வேடுகள், துண்டறிக்கைகள் எத்தனையோ இப்படித்தான் பரணில் கிடக்கின்றன. அச்சுப்படியில் நாலு பக்கம் மிஞ்சியிருந்தாலும் போதும், தோழர்களே, தூக்கிப் போடாதீங்க. படிக்கக் கூடாதுன்னு தள்ளி வச்ச சனம் பாடுபட்டு எழுதினது அது. அதைத் திறக்க இன்னொருத்தன் பூட்டுக்காக நாம காத்துக் கிடக்க வேண்டியதில்ல.