மறுத்தது யார்?

‘அனுமதி மறுக்கப்பட்டது’ என்பது செயப்பாட்டு வினைத்தொடர். மறுத்தவர் யார், எவ்விடத்தில் மறுத்தார் என்பவற்றை அது சொல்வதில்லை. பிழையைத் தீர்ப்பது என்பது மறைந்திருக்கும் அந்த வினைமுதலைத் தேடுவதேயாகும்.

களப்பணியில் பதிவுசெய்த பேச்சொலிகளைக் கேட்டு எழுத்தாக்குவதற்கென, ஆய்வகத்தின் பொதுக் கணினியில், கடவுச்சொல்லுடன் கூடிய சிறு இணையச் சேவை ஒன்றை அமைத்துவருகிறேன். உலாவியில் 403 என்ற பிழை தோன்றியது. எஞ்சின்எக்ஸ் வழங்கியின் பிழைப்பதிவில் 13 என்ற எண்ணுடன் மேற்கண்ட தொடர். ஒலிக்கோப்புகளுக்குப் படிக்கும் உரிமை இருந்தது. தடையோ அவற்றுக்கு மேலே இருந்தது. உபுண்டு 21.04 முதல் புதிய பயனரின் இல்லக் கோப்புறைக்கு 750 என்ற உரிமையே இயல்பாக அமைகிறது; உரிமையாளரும் அவர் குழுவினரும் தவிரப் பிறர் நுழைய இயலாது. தனிக் கணக்கில் இயங்கும் வழங்கியும் அப்பிறருள் ஒருவரே. பாதையின் ஒவ்வொரு படியிலும் உள்ள உரிமையை ‘நேம்ஐ’ கட்டளை வரிசையாகக் காட்டிவிடும்.

இவ்வேளையில் ‘777 கொடுத்துவிடுங்கள்’ என்பார் பலர். உள்கோப்புறைக்கு மட்டும் கொடுத்தால் பயனில்லை. வாயில் அடைத்தே இருக்கும். இல்லக் கோப்புறை தொடங்கி அனைத்துக்கும் கொடுத்தால், அக்கணினியில் கணக்குடைய எவரும் அக்குரல்களைக் கேட்கலாம், அழிக்கவும் செய்யலாம். பேசியவர்கள் இசைந்தது ஆய்வுக்கு மட்டுமே. ஆகவே ‘செட்எஃப்ஏசிஎல்’ கட்டளையால், வழங்கியின் கணக்குக்கு மட்டும் இல்லக் கோப்புறையைக் கடந்துசெல்லும் உரிமையை அளித்தேன். அங்குள்ளவற்றைப் பட்டியலிடும் உரிமைகூட அதற்கில்லை.

யாருக்கு, எதற்கு, எதுவரை என்று வரையறுத்துத் தருவதே அனுமதி. களத்திலும் கணினியிலும் அதன் இலக்கணம் ஒன்றே.