கிராண்டில் இருக்கும் பெயர்

திங்கள், பிரிக்பீல்ட்ஸ்

உடன்பிறந்தோரின் சொத்துத் தகராறு பெரும்பாலும் கிராண்டில், அதாவது நில உரிமைப் பத்திரத்தில்தான் தொடங்குகிறது. அப்பா காலமாகிப் பல ஆண்டு ஆன பிறகும் அதில் அவர் பெயர் மட்டுமே இருக்கும். அந்த வீட்டில் குடியிருக்கும் மூத்தவர் நில வரி, வீட்டு வரி ரசீதுகளை அடுக்கி வைத்திருப்பார். "எங்க பங்கு என்னாச்சு அண்ணே?" என்று தங்கை கேட்கும் நாளில் அந்த ரசீதுகள் வெளியே வரும். வரி கட்டியதற்காக வீடு ஒருவருக்கே சொந்தமாகிவிடாது. ஆனால் கணக்குத் தீர்க்கும்போது அந்தச் செலவைக் கேட்பது நியாயம்.

செவ்வாய்

உயில் இல்லாவிட்டால், முஸ்லிம் அல்லாதாருக்கு 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம் பொருந்தும். 1997இல் திருத்தப்பட்ட விதிப்படி, துணைவரும் பிள்ளைகளும் இருந்து பெற்றோர் இல்லையென்றால் துணைவருக்கு மூன்றில் ஒரு பங்கு, பிள்ளைகளுக்கு மீதி. இறந்தவரின் பெற்றோர் இருந்தால் அவர்களுக்குக் கால் பங்கு, துணைவருக்குக் கால், பிள்ளைகளுக்குப் பாதி. மகனும் மகளும் சமம். "நகை போட்டுக் கட்டிக் கொடுத்தாச்சு" என்ற பேச்சு மகளின் பங்கை அழிக்காது. இதைக் குடும்பத்தில் உரக்கச் சொல்ல ஒருவர் வேண்டும்.

புதன், கிள்ளான்

உயில் இல்லாமல் நிலம் வைத்து இறந்தவரின் மொத்தச் சொத்து 50 லட்சம் ரிங்கிட்டைத் தாண்டாவிட்டால், அது சிறு சொத்துப் பங்கீட்டு முறையில் அடங்கும். 20 லட்சமாக இருந்த வரம்பு 2024 ஜூலையில் உயர்ந்தது. அந்த முறைப்படி நடக்கும் விசாரணையில் அதிகாரி வாரிசுகளைக் கேட்டறிந்து யாருக்கு எவ்வளவு என்று உத்தரவிடுகிறார். தங்கை தன் பங்கை விட்டுக்கொடுக்க விரும்பினால் அதைப் பதிவு செய்யும் இடம் இதுதான். சாப்பாட்டு மேசையில் சொன்ன சம்மதம், பிள்ளைகள் தலையெடுத்த பிறகு நிற்பதில்லை.

வியாழன்

பங்கு பதிவானதும் உறவினர் கூட்டு உரிமையாளர் ஆகிறார்கள். இங்கே பலரும் தவறாக நம்பும் ஒன்று உண்டு. ஒருவர் இறந்தால் அவர் பங்கு மற்றவருக்குத் தானாகப் போகும் என்பதே அது. அப்படிப் போகாது. இறந்தவரின் வாரிசுகளுக்கே சேரும். இப்படி ஒரே கிராண்டில் அத்தை, மருமகன், பேரன் என்று பெயர்கள் பெருகுகின்றன. தள்ளிப்போடுவதன் விலை இதுதான்.

விலைதான் சிக்கல் என்றால் பதிவுபெற்ற மதிப்பீட்டாளரின் அறிக்கையை எல்லாரும் முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு, ஒருவர் மற்றவர் பங்கை வாங்கலாம். பேச்சு முறிந்தால் சமரசம் நாடலாம். 2012ஆம் ஆண்டுச் சமரசச் சட்டப்படி அங்கே பேசியது ரகசியம். கையெழுத்திட்ட உடன்பாடு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். தீபாவளிக்குப் போய்வரும் உறவு மிஞ்ச வேண்டுமானால் இதற்கு இணையான வழி இல்லை.

வெள்ளி, கோலாலம்பூர்

நிலத்தை அளந்து பிரிப்பதும் உண்டு. ஆனால் விவசாய நிலத்தில் பிரித்த துண்டு பொதுவாக 0.4 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய ஓர் ஏக்கருக்குக் குறையக் கூடாது. தாமான் என்னும் குடியிருப்புப் பகுதியின் வீட்டு மனையைப் பிரிக்க இடமே இராது. மற்றவர் ஒத்துவராதபோது, தேசிய நிலச் சட்டத்தின் 145ஆம் பிரிவின் கீழ் கூட்டுரிமையை முடிக்கும்படி ஒருவர் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். நீதிமன்றம் விற்கச் சொன்னால், செலவு போக மீதிப் பணம் கிராண்டிலுள்ள பங்குப்படி பிரியும்.