பழுதா, முதுமையா?

வீட்டுப் பொருள் ஒன்று நின்றுவிட்டால் அதைச் செப்பனிடுவதா, மாற்றுவதா என்னும் கேள்வி நம் பாட்டனார் காலத்தில் பெரிதாக எழுந்ததில்லை. செப்புத் தேக்சாவின் உட்புறத்து ஈயம் தேய்ந்தால், ஈயம் பூசுகிறவர் தெருவுக்கு வரும் நாளுக்காகக் காத்திருந்தார்கள். அம்மி வழுவழுத்தால் கொத்துவித்தார்கள். குடைக்கம்பி முறிந்தால் முறிந்த கம்பியை மட்டும் மாற்றினார்கள். பொருளின் விலை பெரிதாகவும் உழைப்பின் கூலி சிறிதாகவும் இருந்த காலம் அது. இன்று அக்கணக்கு தலைகீழாகிவிட்டது. ஆலைகளில் ஆயிரக்கணக்கில் உருவாகும் பொருள் மலிந்துவிட்டது; தொழில் அறிந்த ஒருவர் வீடு தேடி வந்து, கழற்றிப் பார்த்து, காரணம் சொல்லும் ஒரு மணி நேரம் அரிதாகிவிட்டது. ஆகவே இக்காலத்துக் குடும்பங்கள் இக்கேள்வியை அடிக்கடி எதிர்கொள்கின்றன. விடை காணும் முறையைத்தான் நாம் இன்னும் செம்மையாகக் கற்கவில்லை.

சென்னையிலுள்ள நம் இல்லத்தில் இக்கேள்வி 2024 நவம்பரில் எழுந்தது. எழுப்பியது, மக்கள் டிஷ்வாஷர் என்று வழங்கும் பாத்திரம் கழுவும் இயந்திரம். பாத்திரம் துலக்கவும் ஓர் இயந்திரமா என்று நகைக்கும் அன்பர்களும் இருக்கக்கூடும். நம் வீட்டில் நெடுங்காலம் பாத்திரம் துலக்கி வந்த அம்மையார் முதுமையால் ஓய்வு பெற்றபின், அவ்வேலையில் பெரும்பகுதி நம் துணைவியாரின் கைகளுக்கு வந்து சேர்ந்தது. அவருக்கோ விரல் மூட்டுகளில் வாதம். காலையில் எழுந்து விரல்களை மடக்கி நீட்டவே அரைமணி நேரம் ஆகும். அதன்பொருட்டே 2014இல் அவ்வியந்திரத்தை வாங்கினோம்.

இவ்வியந்திரத்தின் வரலாறு சுவையானது. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஷெல்பிவில் என்னும் ஊரில் வாழ்ந்த ஜோசபின் காக்ரேன் என்னும் பெண்மணி, நீரைப் பீய்ச்சிப் பாத்திரம் கழுவும் பொறிக்கு 1886 டிசம்பர் 28 அன்று காப்புரிமை பெற்றார். விருந்துக்குப் பின் பணியாளர்கள் கழுவும்போது தம் பீங்கான் தட்டுகளின் விளிம்புகள் உடைபட்டதே அவரை இம்முயற்சியில் இறக்கியது என்பர். கணவர் கடன் வைத்துவிட்டு இறந்துபோனதால், ஆசையாய்த் தொடங்கிய முயற்சி பிழைப்புக்கான தொழிலாக மாறிற்று. 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் அவருடைய பொறி பலரின் கவனத்தை ஈர்த்தது. எனினும் தொடக்கத்தில் அதை வாங்கியவை பெரும்பாலும் விடுதிகளும் உணவகங்களுமே. வீடுகளுக்குள் அது பரவலாக நுழைய மேலும் அரை நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. பீங்கானைக் காக்கப் பிறந்த பொறி, நம் வீட்டில் விரல்களைக் காக்க வந்தது.

அது பத்தாண்டுகள் நன்றாகவே உழைத்தது. உள்ளே வரும் நீரைச் சூடாக்கி, சுழலும் கைகளின் துளைகள் வழியே பாத்திரங்களின்மீது பீய்ச்சி, அழுக்கு நீரை வெளியேற்றி, மீண்டும் நல்ல நீரால் அலசுவதே அதன் வேலை. நம் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது. ஆதலால் நீரை மென்மையாக்கும் பகுதிக்கு உரிய உப்பைத் தவறாது இட்டு வந்தோம். 2019 கோடையில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் ஏறத்தாழ வறண்டு, தெருவெங்கும் குடங்கள் வரிசையில் நின்றபோது, ஒருமுறை ஓட இவ்வகை இயந்திரத்துக்குப் பத்துப் பன்னிரண்டு லிட்டர் நீரே போதும் என்பதன் அருமை நமக்குப் புரிந்தது. குழாயைத் திறந்துவிட்டு அதே அளவு பாத்திரங்களைக் கழுவினால் அதைப்போல் பன்மடங்கு நீர் போய்விடும்.

அத்தகைய இயந்திரம் ஒருநாள் இரவு பாதியில் நின்றது. அடியில் அழுக்கு நீர் தேங்கியிருந்தது. வடிகட்டியைக் கழற்றிக் கழுவினோம். வெளியேறும் குழாய் மடங்கியிருக்கிறதா என்று பார்த்தோம். பீய்ச்சும் துளைகளைத் துடைத்தோம். பயன் இல்லை. மறுநாள் நிறுவனத்தின் சேவை நிலையத்திலிருந்து ஓர் இளைஞர் வந்தார். முகப்பில் மின்னிய குறியைப் பார்த்தார். பொறியின் அடித்தகட்டைத் திறக்கவில்லை. மின்னணுப் பலகை போய்விட்டது என்றும், மாற்ற 14,500 ரூபாய் ஆகும் என்றும், பழைய வகை ஆதலால் உறுப்பு வந்துசேர ஒரு மாதம் ஆகலாம் என்றும் கூறினார். பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியது வாங்குவதே அறிவுடைமை என்று அறிவுரையும் வழங்கிச் சென்றார்.

அன்று இரவு குடும்பத்தில் விவாதம் எழுந்தது. தோகாவில் பணிபுரியும் மகன் தொலைபேசியில், “வாப்பா, பழசுக்குப் பணம் போடாதீங்க. புதுசுக்கு நான் அனுப்புறேன். உம்மா கையைப் பாருங்க” என்றான். அவன் பேச்சில் ஆடம்பரம் இல்லை, அன்பே இருந்தது. நமக்கோ, இன்னும் உழைக்கக்கூடிய ஒரு பொருளைக் குப்பைக்கு அனுப்ப மனம் ஒப்பவில்லை. பாத்திரம் கழுவுகிறவர் யாரோ அவரே இதில் முதல் உரிமை உடையவர் என்பதால் துணைவியாரிடம் கேட்டோம். “பழசோ புதுசோ, எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். பத்து நாளைக்குள்ள அது ஓடணும்” என்றார்.

அந்தச் சொல் நம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது. பழையதைப் போற்றுதல் நல்ல குணமே. ஆனால் உதிரி உறுப்புக்காகக் காத்திருக்கும் ஒரு மாதத்தில் வேளைக்கு வேளை தேங்கும் பாத்திரங்களை யார் கழுவுவது? நாமும் தோள் கொடுத்தோம். ஆயினும் நாம் வெளியே சென்ற வேளைகளில் அவரே கழுவிவைத்தார். மாலையில் விரல் கணுக்கள் சிவந்து வீங்கியிருந்தன. சிக்கனம் என்றும் எளிமை என்றும் ஆண்கள் கொள்ளும் பெருமைக்குப் பெண்களின் கைகள் விலை கொடுப்பதை எந்தக் கணக்கிலும் எழுதுவதில்லை. எனவே செப்பனிடுவதானாலும் பத்து நாள் எல்லைக்குள் முடியவேண்டும். முடியாவிடில் புதியது வாங்குவது என்று உறுதி செய்தோம்.

பின்னர்த் தாளில் கணக்குப் போட்டோம். புதிய இயந்திரம் 45,000 ரூபாய். பத்தாண்டு உழைக்கும் எனக் கொண்டால் ஆண்டுக்கு 4,500 ரூபாய் ஆகிறது. 14,500 கொடுத்துப் பலகையை மாற்றி, பழைய இயந்திரம் இன்னும் இரண்டாண்டு ஓடினால் ஆண்டுக்கு 7,250 ரூபாய். அவ்வாறாயின் புதியதே மலிவு. செப்பனிடும் செலவு புதியதன் விலையில் பாதிக்கு மேற்பட்டால்தான் மாற்றவேண்டும் என்று பொதுவாகச் சொல்வார்கள். இங்கே செலவு மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆயினும் அவ்விதி நம்மைத் தவறான பக்கமே சாய்த்திருக்கும். எஞ்சிய ஆயுளால் வகுத்துப் பார்க்காத செலவு பாதி உண்மையையே சொல்லும். ஆனால் இக்கணக்கு முழுதும் ஒரே ஒரு சொல்லின்மீது நின்றது: பலகை பழுது என்று அந்த இளைஞர் கூறிய சொல். திறந்து பாராமல் கூறிய நோய்க்கு மருந்தின் விலையைக் கணக்கிட்டு என்ன பயன்?

ஆகவே நம் பகுதியில் சலவை இயந்திரங்களையும் குளிர்ப்பெட்டிகளையும் செப்பனிடும் முதியவர் ஒருவரை அழைத்தோம். அவர் இயந்திரத்தைச் சுவரிலிருந்து இழுத்து, மின்சாரத்தைத் துண்டித்து, மெல்லச் சாய்த்து, அடித்தகட்டைக் கழற்றினார். அழுக்கு நீரை வெளியேற்றும் சிறு பம்பின் இரு முனைகளிலும் அளவுமானியை வைத்தார். முள் அசையவில்லை, உள்ளே சுற்றியிருந்த செப்புக் கம்பி அறுந்திருந்தது. நீர் வெளியேறாததால்தான் இயந்திரம் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டு குறி காட்டியிருக்கிறது. பலகை தன் கடமையைச் சரியாகவே செய்திருக்கிறது. அவர் அத்துடன் நிற்கவில்லை. உள்தொட்டியில் துரு உண்டா, கதவின் ரப்பர் வெடித்திருக்கிறதா, சூடேற்றும் கம்பி நலமா, பெரிய மோட்டாரின் அடியில் ஈரம் உண்டா என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். பம்பும் கூலியுமாக 3,800 ரூபாய். ஆறாம் நாள் வேலை முடிந்தது.

புறப்படும்போது அவர் கூறியது: “இன்னும் ரெண்டு மூணு வருஷம் ஓடும் பாய். ஆனா பெரிய மோட்டார்ல தண்ணி கசிஞ்சா என்னைக் கூப்பிடாதீங்க. கடைக்குப் போங்க.” தம் கூலியை இழக்கும் நாளையும் சேர்த்துச் சொன்ன அந்த நேர்மையை நாம் மறக்கமாட்டோம். இரண்டாண்டே ஓடினாலும் ஆண்டுக்கு 1,900 ரூபாய்தான். கணக்கு மாறிவிட்டது; மாற்றியது விலைப்பேரம் அன்று, நோயறிதல்.

பழுது வேறு, முதுமை வேறு என்பதே இதிலிருந்து நாம் கண்ட பாடம். பம்பு, நீர்வரும் வால்வு, கதவின் ரப்பர், பீய்ச்சும் கை, வடிகட்டி ஆகியவை கெடுவது பழுது; உறுப்பை மாற்றினால் தீர்ந்துவிடும். தொட்டியே துருப்பிடித்து ஓட்டை விழுதல், பெரிய மோட்டாரில் நீர் கசிந்து மின்பகுதிகளை எட்டுதல், ஓராண்டுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக மூன்று உறுப்புகள் கெடுதல் ஆகியவை முதுமையின் அடையாளங்கள். முதுமைக்குச் செய்யும் செலவு நிற்காது. பழுதை முதுமை என்று சொல்வது விற்பவருக்கு ஆதாயம். முதுமையைப் பழுது என்று எண்ணுவது நம் பிடிவாதம். இரண்டிலிருந்தும் காப்பது, திறந்து பார்த்துச் சொல்லும் ஒரு நேர்மையான கண்ணே.

உறுப்புக் கிடைக்குமா என்பது அடுத்த கேள்வி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2021 மார்ச் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, இவ்வியந்திரங்களின் பம்பு, மோட்டார், சூடேற்றி போன்றவற்றை ஏழாண்டுகளும், கதவு ரப்பர், பீய்ச்சும் கை, தட்டுக் கூடை போன்றவற்றைப் பத்தாண்டுகளும் உற்பத்தியாளர் கிடைக்கச் செய்யவேண்டும். நம் நாட்டில் நுகர்வோர் விவகாரத் துறை, செப்பனிடும் உரிமைக்கென 2022 டிசம்பரில் ஓர் இணையதளத்தைத் தொடங்கிற்று. வாங்கும்போது, எத்தனை ஆண்டுகளுக்கு உறுப்புக் கிடைக்கும் என்று கடைக்காரரிடம் கேட்பவர்கள் மிகச் சிலரே. எத்தனை விதமாகக் கழுவும் என்று கேட்கும் நாம், இதையும் கேட்டுப் பழகவேண்டும்.

மாற்றத்தான் வேண்டும் என்றாகிவிட்டால், பழையதைத் தெருவோரம் தள்ளிவிடுவது முறையாகாது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு விதிகள் இவ்வகை இயந்திரத்தையும் உள்ளடக்கியவை. மறுசுழற்சிக்கு அனுப்பும் பொறுப்பில் உற்பத்தியாளருக்கும் பங்குண்டு. அதிலுள்ள எஃகும் செம்பும் மீண்டும் பயன்படக்கூடியவை.

மகன் தருவதாகச் சொன்ன பணத்தை நாம் மறுக்கவில்லை. அதை வாங்கித் தனியே வைத்திருக்கிறோம். பெரிய மோட்டாரின் அடியில் ஈரம் தென்படும் நாளில் விவாதம் எதுவும் இன்றி, ஒருநாளும் தாமதியாமல் அத்தொகை கடைக்குப் போகும். அந்த நாள்வரை அவன் தாயாரின் விரல்களுக்கு ஓய்வு இருக்கிறது.