ஜன்னலில் இரண்டு படங்கள்

மழை பிடித்துக்கொண்டால் பீரோ மேலிருக்கும் அந்தத் துணிப்பையை இறக்கிப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை. ஈரம் ஏறினால் எக்ஸ்ரே படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்று அப்பா சொல்லியிருக்கிறார். உள்ளே இரண்டு படங்கள், இரண்டு சளிப் பரிசோதனைச் சீட்டுகள், பணம் கட்டிய ரசீதுகள். அத்தை ஒரு துண்டுச் சீட்டைக்கூடத் தூக்கிப் போடமாட்டாள்.

அத்தைக்குக் காலையில் வெறும் வயிற்றில் டிபிக்கான சிவப்பு மாத்திரை. அதை விழுங்கினால் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும். முதல் நாள் பயந்துபோனவள், டாக்டரைக் கேட்டுவிட்டு வந்து தெம்பாகச் சொன்னாள்: “மருந்து வேலை செய்யுதாம் கண்ணு.” அந்த மாத்திரையை, ரிஃபாம்பிசினை, யார் சாப்பிட்டாலும் அந்த நிறம் வரும் என்று எனக்குத் தெரிந்தபோது அவள் இல்லை.

அது 2011, தை மாதம். இருமல், எடைக்குறைவு, படத்தில் ஒரு நிழல். டிபியும் நுரையீரல் புற்றும் தொடக்கத்தில் ஒரே முகத்தோடு வரும். நம் நாட்டில் டாக்டரின் நினைப்பு முதலில் டிபி பக்கம் போவதில் தப்பில்லை. அதற்காக அவர்மேல் எனக்குக் கோபமும் இல்லை. சளிச்சீட்டு இரண்டிலும் கிருமி இல்லை என்றிருந்தது. அப்படியும் டிபி இருக்கலாம்தான். ஆனால் சித்திரையில் ரவிக்கை தோளில் நிற்காமல் நழுவியதே! அப்போதாவது சி.டி. எடுத்து, ஊசி விட்டுச் சதை எடுத்துப் பார்த்திருக்க வேண்டாமா? பத்து நாள் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்தார்கள். அதே மாத்திரையைக் கொடுத்து அனுப்பினார்கள்.

ஆவணியில்தான் அடையாறு. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி 1954இல் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை. டாக்டர் சாந்தா இருக்கிற இடம் என்று சொல்லித்தான் அத்தையைச் சம்மதிக்க வைத்தோம். சதைப் பரிசோதனை முடிவைக் கையில் வாங்கிய அப்பா, வாசல் மரத்தடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அடுத்த தையில் அத்தை போய்விட்டாள்.

சாந்தா என்ற பெயரை மறுபடி கேட்டது 2014இல், அப்பாவின் வக்கீல் நண்பர் வீட்டுத் திண்ணையில். இது வேறு சாந்தா, வி.பி. சாந்தா வழக்கு. பணம் வாங்கிக்கொண்டு செய்யும் வைத்தியமும் நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995இல் சொன்ன தீர்ப்பு. எல்லோருக்கும் இலவசமாகப் பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு அது பொருந்தாது. “ரசீது இருக்கில்ல?” என்றார் வக்கீல். இருந்தது. “கேஸ் ஷீட்?” இல்லை. கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்று 2002ஆம் ஆண்டு விதி இருக்கிறதாம். மூன்று ஆண்டு பாதுகாக்கவும் வேண்டுமாம். அந்த மூன்று ஆண்டு தாண்டியிருந்தது. வழக்குப் போட இரண்டு ஆண்டு, அதுவும் போயிருந்தது. தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டலாம், ஆனால் காரணம் என்ன என்று அவர் கேட்டபோது அப்பா தலை குனிந்தார். “டாக்டர்கிட்ட எப்படிக் கேக்கறதுன்னு அக்கா சொல்லுச்சு” என்று அப்பாவால் மனுவில் எழுத முடியுமா?

நோயைத் தப்பாகக் கணித்தது மட்டும் குற்றமாகாது என்றும் வக்கீல் சொன்னார். கவனமுள்ள ஒரு டாக்டர் செய்திருக்கக்கூடியதை இவர் செய்யாமல் விட்டாரா என்றுதான் பார்ப்பார்களாம். போலீஸுக்குப் போவதென்றால் இன்னும் கடினம். அஜாக்கிரதை மிக மோசமானதாக இருக்கவேண்டும் என்கிறது 2005ஆம் ஆண்டு ஜேக்கப் மேத்யூ தீர்ப்பு. இப்போது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டம் வந்துவிட்டது. இரண்டு ஆண்டுக் கெடு மாறவில்லை. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வக்கீல் இல்லாமலும் மனுக் கொடுக்கலாம்.

இதையெல்லாம் தெருவில் யாருக்கு உடம்பு முடியாமல் போனாலும் போய்ச் சொல்கிறேன். காகிதத்தைக் கேட்டு வாங்குங்கள், சதை எடுத்திருந்தால் அந்தக் கண்ணாடிச் சில்லையும் மெழுகுக் கட்டியையும் வாங்கி இன்னொரு இடத்தில் காட்டுங்கள் என்று. சிலருக்கு என்னைக் கண்டாலே பயம்.

மழை விட்டு வெளிச்சம் வந்திருக்கிறது. தை மாதப் படத்தையும் சித்திரைப் படத்தையும் ஜன்னல் கண்ணாடியில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிடிக்கிறேன். முதல் படத்தில் நிழல் என் சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்குகிறது. இரண்டாவதில் கட்டைவிரலை வைத்தாலும் ஓரத்தில் வெளியே தெரிகிறது.