பூட்டிய படிக்கட்டு

மும்பைக்கு வரும் விருந்தாளிகள் கேட்கும் பட்டியல் தெரிந்ததுதான்: கேட்வே, சித்தி விநாயகர், மாதுங்காவில் ஒரு தட்டு இட்லி. 2019 டிசம்பரில் ஐரோலியில் மகன் வீட்டுக்கு வந்து இறங்கிய அண்ணாநகர் பெரியவர் கேட்டதோ வேறு. ராஜாபாய் கோபுரத்தில் ஏறி ஊரைப் பார்க்க வேண்டும்!

காரணம் இருந்தது. 1968-இல் உலக வர்த்தகப் பொருட்காட்சிக்காக அண்ணாநகரில் 135 அடிக் கோபுரம் எழுந்தபோது அவருக்கு வயது பதினேழு. சுழல் பாதையில் ஓடி ஏறி, வயலும் தென்னையுமாகக் கிடந்த பூமியைப் பார்த்தவர். அன்றிலிருந்து எந்த ஊருக்குப் போனாலும் முதலில் உயரமான இடத்தைத் தேடுவார். "மேலே நின்னு ஒரு தடவை பார்த்துட்டா, ஊர் பழகின மாதிரி ஆயிடும்" என்பது அவர் கட்சி.

ஐரோலியில் ரயிலேறி, தாணேயில் மாறி, சி.எஸ்.எம்.டி.யில் இறங்கி, பேத்தியின் கையைப் பிடித்தபடி நடந்தார். ஓவல் மைதானத்தில் கிரிக்கெட். எதிரே 280 அடிக்கு நிமிர்ந்து நிற்கிறது கோபுரம். வடிவமைத்த ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் லண்டனில் இருந்தபடியே வரைந்து அனுப்பியவர். இந்தியாவை அவர் பார்த்ததே இல்லை. பருத்தி வியாபாரத்தில் கொழித்த பிரேம்சந்த் ராய்சந்த் பெரும் நன்கொடை தந்தார். ஒரே நிபந்தனை: தாய் ராஜாபாயின் பெயர் வைக்க வேண்டும். 1869-இல் தொடங்கிய வேலை 1878-இல் முடிந்தது. சமணரான அந்த அம்மாளுக்குப் பார்வை இல்லை, பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டு முடிக்க இந்த மணியோசைதான் உதவியது என்றொரு கதையும் உலவுகிறது. (கதை உண்மையோ இல்லையோ, பெரியவருக்கு அது மிகவும் பிடித்திருந்தது.)

"ஊப்பர் ஜானா பந்த் ஹை, பாபா" என்றார் காவலாளி, மரியாதையாகத்தான்.

மேலிருந்து குதித்து உயிரை மாய்த்துக்கொண்டவர்களால், வெகு காலம் முன்பே பொதுமக்களுக்கு அடைக்கப்பட்ட படிக்கட்டு அது. பெரியவருக்கு இந்தக் காரணம் புதிதல்ல என்பதுதான் வேதனை. அவருடைய சொந்தக் கோபுரமே 2011-இல் இதற்காகத்தான் பூட்டப்பட்டது. டெல்லி குதுப்மினாரில் 1981 டிசம்பரில் விளக்கு அணைந்து, நெரிசலில் 45 பேர் இறந்தார்கள். அதன் படிகளும் அத்தோடு மூடப்பட்டன. பயம் நியாயமானது. ஆனால் நியூயார்க்கின் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தில் இதே துயரம் தொடர்ந்தபோது 1947-இல் கம்பி வேலி போட்டார்கள், பார்வையாளர்களை விரட்டவில்லை. வேலிக்கும் விளக்குக்கும் ஆளுக்கும் செலவாகும். பூட்டு மலிவு.

"நம்ம மொட்டை மாடியிலேயே பார்க்கலாம் தாத்தா" என்று பேத்தி சமாதானம் சொன்னாள். பதினாலாவது மாடிக்கு மேலே நின்றால் தாணே கழிமுகம், ஐரோலி பாலம், அந்தப் பருவத்தில் சேற்றில் இறங்கும் பூநாரைக் கூட்டம் எல்லாம் தெரியும். அங்கேயும் பூட்டு. சாவி சொசைட்டி செயலாளரிடம், அவரோ வெளியூரில்.

அண்ணாநகர் கோபுரம் 2023 மார்ச்சில் மறுபடி திறந்தது, இம்முறை கம்பித் தடுப்புகளோடு. எழுபத்திரண்டு வயதில், மூன்று இடங்களில் நின்று மூச்சு வாங்கி, பெரியவர் ஏறிவிட்டார். கம்பிகளுக்கு இடையே கண்ணை வைத்துப் பார்த்தார். வயல் இருந்த பக்கமெல்லாம் மொட்டை மாடிகள், தண்ணீர்த் தொட்டிகள். எந்த மாடியிலும் ஆள் இல்லை.