காஜாவில் சுமோவுக்கு ஆள் தேவை

இமாச்சல். ஸ்பிதி பள்ளத்தாக்கு. காஜா கடைத்தெரு.

"கோமிக் கிராமத்துக்குப் போக பஸ் எப்போ?"ன்னு கேட்டேன்.
டீக்கடை அம்மா வானத்தைப் பார்த்தாங்க. அப்புறம் என் ஷூவைப் பார்த்தாங்க.
பதில் வரல. டீ மட்டும் வந்துச்சு.

லாஹௌல்-ஸ்பிதி மாவட்டம் 13,841 சதுர கிலோமீட்டர்.
2011 கணக்கெடுப்புல மக்கள் தொகை 31,564.
யாருக்காக மணிக்கொரு பஸ் விடுவாங்க, சொல்லுங்க?

அதனால ஷேர் சுமோதான். ஆள் சேர்ந்தா கிளம்பும். சேரலைன்னா வெயில்ல நிக்கும், பக்கத்துல நாமளும்.
தனியா வண்டி எடுக்கலாம். வாடகையைக் கேட்டுட்டு இன்னொரு டீ சொன்னேன்.

காஜாவுக்கு வந்து சேர்றதே பெரும்பாடு. மணாலியில இருந்து சுமார் 200 கிலோமீட்டர்தான். ஆனா ஒரு பகல் முழுக்கப் போயிடும். பல இடத்துல ரோடுங்கறது பேருக்குத்தான்.
நடுவுல குன்சும் கணவாய், 4,500 மீட்டருக்கு மேல. அங்க இருக்கிற கோயிலை ஒரு சுத்து சுத்திட்டுத்தான் டிரைவருங்க வண்டிய இறக்குறாங்க. அந்த ரோட்டைப் பார்த்தப்புறம் நானும் கண்ணை மூடிக் கும்பிட்டேன்.
பனி விழுந்தா அந்த வழியும் மூடிடும். அப்புறம் சிம்லா, கின்னோர்னு சுத்தித்தான் வரணும்.

ப்ரொஃபைல்ல 'மலையேற்றப் பிரியன்'னு போட்டிருக்கேன்.
இங்க நாலு படி ஏறினாலே மூச்சு வாங்குது. இன்னிக்கு ராத்திரியே அதை எடுத்துடறேன்.

சரி, விஷயத்துக்கு வரேன்.
நாளைக்குக் காலையில லாங்சா, ஹிக்கிம், கோமிக் மூணு ஊருக்கும் சேர்த்து ஒரு சுமோ பேசியிருக்கேன். ஹிக்கிம் தபால் ஆபீஸ்ல அம்மாவுக்கு ஒரு கார்டு போடணும்.
இன்னும் சீட் காலி இருக்கு.
யாராவது காஜா பக்கம் இருக்கீங்களா?