ஓர் அலை முழுசாக வரட்டும்

பழைய சின்தசைசரில் ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு வோல்டேஜ் உண்டு. எந்தச் சுரம் ஒலிக்க வேண்டும் என்று உள்ளே ஒலியை உண்டாக்கும் ஆஸிலேட்டருக்குச் சொல்வது அந்த வோல்டேஜ்தான். 1960களில் அமெரிக்காவில் ராபர்ட் மூக் கொண்டுவந்த முறையில் ஒரு ஸ்தாயி ஏற 1 வோல்ட். அதைப் பன்னிரண்டாகப் பங்கிட்டால் ஒரு சுரஸ்தானத்துக்கு 83 மில்லிவோல்ட் சொச்சம். கட்டையை அழுத்தாமல், பாடும் குரலிலிருந்தோ கிட்டார் தந்தியிலிருந்தோ அந்த வோல்டேஜை எடுக்க முடியாதா என்று கேட்டவர்களுக்காக வந்ததுதான் சுருதியை வோல்டேஜாக மாற்றும் சர்க்யூட். ஜப்பானின் கோர்க் நிறுவனம் 1978ல் வெளியிட்ட எம்எஸ்-20 சின்தசைசரிலேயே அது இருந்தது.

எலெக்ட்ரானிக் வாத்தியங்களோடு காலம் தள்ளியவன் நான். அடுத்தவர் பேச்சைக் காதில் வாங்குவது எப்படி என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது இந்தச் சர்க்யூட். இதைச் சொன்னால் பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

ஓர் அலை ஏறி இறங்கி, புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி வர வேண்டும். அதற்கு முன்னால் அதன் சுருதி யாருக்கும் தெரியாது. கிட்டாரின் மெல்லிய தந்தி 330 ஹெர்ட்ஸ். 3 மில்லிவிநாடியில் ஓர் அலை முடிந்துவிடும். தடித்த தந்தி 82 ஹெர்ட்ஸ். 12 மில்லிவிநாடி ஆகும். பேஸ் கிட்டாரின் அடித்தந்திக்கு 24. எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் இந்தக் காத்திருப்பு குறையாது. குரல் எவ்வளவு தாழ்வோ அவ்வளவு நேரம் பிடிக்கும். தாழ்ந்த குரலில் இழுத்துப் பேசுகிறவர் எந்த வீட்டில்தான் இல்லை? பாதி வாக்கியத்திலேயே நாம் குறுக்கே புகுந்து அதை முடித்துவைத்துவிடுகிறோம்.

காத்திருந்தால் மட்டும் போதாது. எந்தக் குரலிலும் அடிச்சுரத்தின் மேல் மேற்சுரங்கள் ஏறி ஒலிக்கும். சில சமயம் அடிச்சுரத்தைவிட அவை பலமாகவே ஒலிக்கும். சர்க்யூட் அதில் ஏமாந்தால் ஒரு ஸ்தாயி மேலே தாவிவிடும். சுரம் சரிதான், ஸ்தாயிதான் தப்பு. அதனால்தான் தப்பென்று சட்டெனப் பிடிபடாது. வீடுகளிலும் இப்படித்தான் நடக்கிறது. “வண்டியை ஏன் வெயில்ல விட்டே?” என்று அப்பா எரிந்து விழுகிறார். வண்டியும் வெயில்தான் மகன் காதில் விழுகிறது, அதில் தப்பும் இல்லை. மூன்று மாசம் கழித்து வந்திருக்கிறானே என்ற வருத்தம் அடியில் இருக்கிறது.

எம்எஸ்-20ல் இதற்கென்றே குமிழ்கள் உண்டு. மேல் அதிர்வெண்களை வெட்ட ஒன்று, கீழ் இரைச்சலை வெட்ட ஒன்று. முதலில் மேல்பக்கத்தை நன்றாக மூடிவிட்டு, ‘ஊ’ என்று பாடச் சொல்ல வேண்டும். ‘ஊ’வில் மேற்சுரங்கள் குறைவு, வோல்டேஜ் ஆடாமல் நிற்கும். ‘ஈ’ என்றால் தடுமாறும். ‘ஸ்’, ‘ஷ்’ வந்தால் போச்சு, அவற்றில் சுருதியே இல்லை, வெறும் காற்று. அந்தக் காற்றிலும் ஒரு சுரத்தைத் தேடி சின்தசைசர் கண்டபடி கத்தும். இரண்டு பேர் சேர்ந்து பாடினாலும் இதே கதிதான். சொத்துப் பேச உட்காரும் அண்ணன் தம்பிகளை ஒருவர் பின் ஒருவராகப் பேசவிட வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

காத்திருப்பைக் குறைக்க கிட்டார்காரர்கள் ஒரு யுக்தி வைத்திருக்கிறார்கள். ஒரு ஸ்தாயி மேலே வாசித்துவிட்டு, சின்தசைசரை ஒரு ஸ்தாயி கீழே இறக்கிவைத்துக்கொள்வார்கள். நேரம் பாதியாகும். மேடைக்கு அது நல்ல வழி. இதையே பெரியவர்களிடமும் எதிர்பார்க்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள். போனை எடுத்ததுமே “சீக்கிரம் சொல்லும்மா, என்ன விஷயம்?” என்பான் என் அக்கா மகன். “ஒண்ணுமில்லப்பா, சும்மாதான்” என்று அவள் போனை வைத்துவிடுவாள்.